பன்னிரண்டாம் கட்டிலின் சம்மதம்

ஜெராக்ஸ் அக்காவுக்கு ஒரே ஒரு தொழில் தர்மம் உண்டு. கடைக்கு வருகிற காகிதத்தைப் படிக்கக் கூடாது. விவாகரத்து மனு வரும், வேலையை விட்டு நீக்கிய கடிதம் வரும், ரத்தப் பரிசோதனை முடிவு வரும். கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்வது திருட்டு என்பது அவள் கட்சி. அதனால் காகிதத்தில் எழுத்தைப் பார்க்க மாட்டாள், ஓரத்தைப் பார்ப்பாள். கோணல் இருக்கிறதா, மை மங்கியிருக்கிறதா, அவ்வளவுதான். கவிழ்த்து வைத்து மூடியை மூடிவிடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் தெருவின் சகல ரகசியங்களும் அவள் கையைத் தொட்டுப் போயிருக்கின்றன. ஒன்றுகூடத் தலைக்குள் போனதில்லை.

இந்தத் தர்மம்தான் கடைசியில் அவள் தலையில் கல்லைப் போட்டது.

அவள் புருஷனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருந்தார். பள்ளி என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பழைய கார். ஸ்டியரிங்குக்கும் கிளட்சுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களின் பக்கத்து இருக்கையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து உயிர் பிழைத்தவர். பேசியே ஓட்ட வைப்பது அவர் வித்தை. “முன்னாடி லாரி வருதா? வரட்டும்மா. அவனுக்கும் வீட்டுல பொண்டாட்டி புள்ள இருக்கு, வேணும்னு இடிக்கமாட்டான்” என்பார். கற்றுக்கொள்ள வந்தவர் சிரித்த சிரிப்பில் லாரி தானாகக் கடந்து போயிருக்கும். வீட்டிலும் அப்படித்தான். தூங்கும் நேரம் தவிர வாய் ஓயாது. “பேச்சை நிறுத்தினா வண்டி நின்னுடும்னு பயமா?” என்று ஜெராக்ஸ் அக்கா கேட்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய நுரையீரல் இறுக ஆரம்பித்தது. இது திரும்பாத நோய், மெதுவாக இறுகிக்கொண்டே போகும் என்று டாக்டர் சொன்னார். நோயாளியிடம் அல்ல, நோயாளியின் அண்ணனிடம். அந்த அண்ணன், அதாவது ஜெராக்ஸ் அக்காவின் மூத்தார், ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டுவிட்டது, அவர் அலுவலகத்தை விடவில்லை. வீட்டில் பேச மாட்டார், அறிவிப்பார். ஆகவே தம்பி அவருக்கு வைத்த பெயர் சர்க்குலர்.

சர்க்குலர் அன்றே ஒரு சர்க்குலர் விட்டார். “தம்பிக்கு விஷயம் தெரியக்கூடாது. மனசு விட்டுடுவான். யார் கேட்டாலும் சளி. புரிஞ்சுதா? சளி.”

ஆக, இரண்டு வருஷமாக ஒரு மனிதனுக்குச் சளி. வெளிநாட்டில் இருந்த மகள் தினமும் போனில் “சளி எப்படிப்பா இருக்கு?” என்று விசாரித்தாள். மாஸ்டரும் நாகரிகமானவர். சளிக்கு உண்டான மரியாதையோடு இருமினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டில் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்துகொண்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மனைவியிடம் சொன்னார்.

“இங்க பாரு. இது சளியும் இல்ல, கிளியும் இல்ல. எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். எனக்குத் தெரியும்னு அண்ணனுக்குத் தெரிய வேணாம், பாவம், கஷ்டப்பட்டு மறைக்கிறாரு.”

“காலங்காத்தால என்ன பேச்சு இது? பேசாம இருங்க.”

“பேசாம இருக்கறதைப் பத்தித்தான் சொல்ல வர்றேன். ரொம்ப முடியாமப் போச்சுன்னா வாயில குழாயைச் சொருகிடாதீங்க. மூச்சு போறதுக்குக் கவலையில்ல. பேச்சு போயி, மூச்சை மட்டும் மெஷின் இழுத்துக்கிட்டுக் கிடக்கும் பாரு, அது எனக்கு ஆகாது. கடைசி வரைக்கும் உன்கிட்ட ஏதாவது உளறிக்கிட்டே போயிடறேன். சரியா?”

“ம்.”

“ம் இல்ல. வாயைத் திறந்து சொல்லு.”

“சரிங்க.”

இதை எழுதி வைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. காகிதத்திலேயே காலம் தள்ளியவளுக்காவது தோன்றியிருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ் பேசினைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது சர்க்குலர் அதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். மாஸ்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். யாரோ ஓர் அட்டையில் செருகிய படிவத்தை நீட்டினார்கள். சர்க்குலர் அதை வாங்கி, மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணை ஓட்டி, “இங்க போடும்மா, சீக்கிரம்” என்று விரலை வைத்தார்.

ஜெராக்ஸ் அக்கா படிவத்தைப் பார்த்தாள். நகலின் நகலின் நகல். இடது ஓரம் அரை விரல்கடை கோணல். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. இவங்க ஜெராக்ஸ் மெஷின்ல டிரம் போயிடுச்சு, மாத்தணும் என்று நினைத்தாள். கீழே கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டின் மேல் நேராகப் போட்டாள். எழுத்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

பதினைந்து நிமிஷம் கழித்துக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தாள். பன்னிரண்டாம் எண் கட்டிலில் மாஸ்டர். வாயில் குழாய். அது நகராமல் இருக்க இரண்டு கன்னத்தையும் சேர்த்துப் பிளாஸ்திரி. மெஷின் இழுக்க இழுக்க மார்பு ஏறி இறங்கியது, யாருடைய மார்போ போல.

“யாரு போடச் சொன்னது?” என்றாள்.

நர்ஸ் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கதாம்மா” என்றாள்.

*

பெரிய டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் அந்தப் பிரிவின் தலைவர். சுவரில் அவர் மாலையும் கழுத்துமாக நிற்கும் படங்கள் ஏழு. மரணத்தில் மாண்பு என்ற தலைப்பில் பல மாநாடுகளில் பேசியவர் என்று மேஜையில் இருந்த கேடயம் சொன்னது. அவர் ஆஸ்பத்திரியில் யாரையும் மாண்போடு சாகவிடுவதற்கு இன்னும் அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

“அவருக்கு இது வேணாம்னு என்கிட்ட சொல்லியிருந்தார் சார்” என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

“எழுத்துல இருக்கா?”

“இல்ல சார். வாயால சொன்னாரு.”

“அம்மா, மருத்துவ அறத்துல நாலு தூண் இருக்கு” என்று ஆரம்பித்தார் பெரிய டாக்டர். இரண்டாவது தூணில் போன் வந்தது. பேசி முடித்ததும் மூன்றாவதை எங்கே விட்டோம் என்று மறந்துபோய் முடிவுக்கு வந்துவிட்டார். “வச்சதை எடுக்கறதுன்னா கமிட்டிக்குப் போகணும்.”

வெளியே வந்ததும் சர்க்குலர் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது? எடுக்கறதாவது? செய்ய வேண்டியதைச் செய்யாம விட்டுட்டாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரலாமா?”

“யாரு பேசுவாங்க மாமா?”

“நாலு பேரு.”

“அந்த நாலு பேரும் இங்க வந்து ஒரு நாள் படுத்துப் பாக்கட்டும்.”

முப்பது வருஷத்தில் அவள் மூத்தாரிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. முன்மாதிரி இல்லாத ஃபைலை அவர் எப்போதும் கீழே வைத்துவிடுவார். இதையும் வைத்துவிட்டு நடந்தார்.

அன்று பிற்பகல் நர்ஸிடம் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து படிக்காதவள் போல, எழுத்தில் விரல் வைத்துப் படித்தாள். முன்பக்கத்தில் சுவாசக் கருவி பொருத்துவதற்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. கீழே அவளுடைய நேரான கையெழுத்து. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதினோரு விதிகள். ஒன்பதாவது, சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றது. பத்தாவது, நோயாளி நினைவோடு இருந்தால் அவருடைய விருப்பமே முதன்மையானது என்றது. கடைக்கு வருகிறவர்களிடம் பின்பக்கமும் வேணுமா என்று ஆயிரம் முறை கேட்டவள், தன் முறை வந்தபோது திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அழுகை வரவில்லை. அதற்கு முன் வேறொருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வலி நிவாரணப் பிரிவின் சின்ன டாக்டர். அந்தப் பிரிவு லிஃப்ட் பக்கத்தில் ஒரே ஓர் அறை. சுவரில் படம் கிடையாது.

“பன்னிரண்டாம் கட்டில் உங்க வீட்டுக்காரரா?”

“ஆமாம்மா.”

“உங்களுக்கு விஷயத்தை யாராவது நேராச் சொன்னாங்களா?”

“நாலு தூண்னு சொன்னாங்க.”

சின்ன டாக்டர் சிரிக்கவில்லை. “மெஷின் அவருக்கு மூச்சைத் தருதும்மா, நுரையீரலைத் தராது. அது திரும்ப வேலை செய்யாது. குழாய் இருந்தா வாரக்கணக்கா இப்படியே இருப்பாரு, அப்புறம் வேற ஏதாவது தொத்திக்கும். எடுத்தா சில மணி நேரம், அதிகமாப் போனா ஒரு நாள். எடுத்தா மூச்சுத் திணறும். ஆனா அது அவருக்குத் தெரியாத மாதிரி மருந்து இருக்கு, நான் பக்கத்துல இருப்பேன். அவரைக் கொல்றது நோய். நாமில்ல.”

“இதை எங்க மாமாகிட்ட சொல்வீங்களா?”

“கமிட்டியில சொல்றேன்.”

*

கமிட்டிக்கு நீளமான பெயர். கதவுப் பலகை போதாமல் கடைசிச் சொல்லைக் கீழே சின்னதாக எழுதியிருந்தார்கள். நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். பெரிய டாக்டர், நிர்வாக அதிகாரி, வக்கீல், தலை நிமிராமல் போனைத் தடவிக்கொண்டிருந்த இன்னொரு டாக்டர், ஓரத்தில் சின்ன டாக்டர். எதிரே ஜெராக்ஸ் அக்காவும் சர்க்குலரும். சர்க்குலர் எண் போட்ட குறிப்புகளோடு வந்திருந்தார். மேஜை நடுவே போன், அதில் மகளின் குரல். எட்டாம் மாதம் அவளுக்கு. விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய டாக்டர் நோயாளியின் தன்னாட்சி உரிமை பற்றி இருபது நிமிஷம் பேசினார். நன்றாகவே பேசினார். வக்கீல் பொறுப்பு யாருடையது என்று பதினைந்து நிமிஷம் பேசினார். அவர் சொன்னதன் சாரம், வக்கீலுடையது அல்ல. சர்க்குலர் எழுந்து நின்று, குடும்பத்தின் ஒருமித்த கருத்து சிகிச்சையைத் தொடர வேண்டும் என்பதே என்றார்.

“ஒருமித்ததுன்னா நான் எங்க மாமா?” என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

போனில் மகள் பேசினாள். “அம்மா, குழாய் வைக்க நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?”

“நான்தான்.”

“இப்ப எடுக்கச் சொல்றதும் நீங்கதானா? அப்பாவைக் கொல்லச் சொல்றீங்களாம்மா?”

போனைத் தடவிக்கொண்டிருந்த டாக்டர்கூட நிமிர்ந்தார்.

ஜெராக்ஸ் அக்கா போனைப் பார்த்துச் சொன்னாள். “படிக்காம போட்டுட்டேன்டி. உங்கப்பா வேணாம்னு என்கிட்ட சொல்லியிருந்தாரு, நான் சரின்னும் சொல்லியிருந்தேன். அப்படியும் போட்டுட்டேன். என்னைத் திட்டணும்னா திட்டு, ஆயுசு முழுக்க கேட்டுக்கறேன். ஆனா அவரு அங்க படுத்திருக்காரு.” பிறகு மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். “இத்தனை பேரு இத்தனை நேரம் பேசுனீங்களே, அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?”

நோயாளி இருபது அடி தூரத்தில்தான் இருந்தார். அந்த யோசனை அறைக்குப் புதிது.

“எப்படிக் கேக்கறது?” என்றார் சர்க்குலர். “அவனுக்கு நோயே தெரியாது. சளின்னு சொல்லி வச்சிருக்கோம்.”

“ரெண்டு வருஷமாத் தெரியும் மாமா. நீங்க வருத்தப்படுவீங்கன்னு உங்ககிட்ட சொல்லல.”

சர்க்குலர் உட்கார்ந்தார். குறிப்புத் தாளை மடித்தார், மறுபடி மடித்தார், மடிக்க இடமில்லாமல் போகிறவரை மடித்தார்.

சின்ன டாக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “மயக்க மருந்தைக் குறைச்சா மத்தியானம் முழிச்சுக்குவாரு. கேட்டுடலாம்.”

*

மதியம் இரண்டு மணிக்கு மாஸ்டர் கண்ணைத் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு மெஷினை, பிறகு மனைவியை. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. கோபம் இருந்தால் தாங்கியிருப்பாள். எங்கே இருக்கிறோம் என்று அவளிடமே வழி கேட்பது போல இருந்தது அது.

சின்ன டாக்டர் கட்டில் பக்கம் குனிந்து, ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள். குழாய் இருந்தால் என்ன, எடுத்தால் என்ன என்று சொன்னாள். “எடுத்தா உயிர் போயிடும். புரியுதுன்னா கண்ணை மூடித் திறங்க.” மூடித் திறந்தார். “மெஷினைத் தொடரலாமா?”

மாஸ்டரின் வலது கை படுக்கையிலிருந்து எழும்பியது. மருந்து ஏறும் குழாய்களையும் இழுத்துக்கொண்டு, முழங்கை ஊன்றியபடி, உள்ளங்கை முன்னால் தெரிய விரல்கள் விரிந்து, நடுங்கிக்கொண்டு அப்படியே நின்றது.

“தன்னிச்சையான அசைவா இருக்கலாம்” என்றார் பெரிய டாக்டர்.

“இல்ல சார்.” சொன்னது சர்க்குலர். ஐம்பத்திரண்டாவது வயதில் தம்பியிடம் கார் ஓட்டக் கற்று, கை சிக்னல் பரீட்சையில் மூன்று முறை தேறாமல் போனவர் அவர். குடும்பத்தில் யாரும் எடுக்காத பேச்சு அது. “அது சிக்னல். நிறுத்தச் சொல்றான்.”

சின்ன டாக்டர் அவசரப்படவில்லை. “அப்ப மெஷினை எடுத்துடலாமா?” என்று கேள்வியைத் திருப்பிப் போட்டாள்; கண்ணை மூடித் திறந்தார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, மெஷினைத் தொடரலாமா என்று மறுபடி கேட்டாள். மகளை போனில் கேட்க வைத்தாள். “அப்பா, எனக்காக இருங்கப்பா” என்று மகள் அழுதபோது மாஸ்டரின் கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. கை எழும்பியது. ஒவ்வொரு முறையும் அதே கை, அதே உள்ளங்கை.

கமிட்டி ஒருமனதாக முடிவெடுத்தது. பெரிய டாக்டர் நோயாளியின் தன்னாட்சி உரிமை வென்றது என்று குறிப்பில் எழுதினார்.

*

மறுநாள் காலை, ஜன்னல் இருந்த ஒரு தனி அறையில் குழாயை எடுத்தார்கள். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சின்ன டாக்டர் சொன்னபடி பக்கத்தில் இருந்தாள். மாஸ்டரின் தொண்டை புண்ணாகியிருந்தது. வந்தது குரல் இல்லை, அதன் தேய்ந்த நகல்.

“தண்ணி” என்றார். பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “யாரு போட்டது கையெழுத்து?”

“நான்தாங்க.”

“படிச்சியா?”

“இல்லைங்க.”

அவர் மார்பு குலுங்கியது. இருமலோ என்று பயந்தாள். சிரிப்பு. “உன்கிட்ட… என்ன கொடுத்தாலும்… ரகசியம் வெளிய போகாது” என்றார். பிறகு அவள் கையைத் தேடினார். கொடுத்தாள். அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். மூன்று இரவு அதற்கான வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் அதற்குள் ஜன்னலைக் காட்டி வெளியே நிற்கும் காரை எவனோ கோணலாக நிறுத்தியிருக்கிறான் என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவரைத் தடுத்து மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. பேசட்டும் என்று விட்டாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு, ஒரு வாக்கியத்துக்கு ஒரு கண்ணயர்வு. இப்படியே பதினோரு மணிவரை போனது.

சர்க்குலர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் அறிவிக்கவில்லை.

மகளை போனில் பிடித்து அவர் குரலைக் கேட்கவைக்க வேண்டும் என்று ஜெராக்ஸ் அக்காவுக்குத் தோன்றியது. அறைக்குள் சிக்னல் ஒரே கோடுதான், கூப்பிட்டால் போகவில்லை. “ஒரு நிமிஷங்க, பொண்ணைக் கூப்பிட்டுட்டு வர்றேன்” என்றாள். அவர் தலையசைத்தார். நடைபாதைக் கோடி வரை போக வேண்டியிருந்தது. மணி அடித்தது, அறுந்தது, மறுபடி அடித்தது. மகள் எடுத்து, “அம்மா” என்றதும், “இரு, அப்பாகிட்ட கொடுக்கறேன், வைக்காத” என்று போனைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு வேகமாகத் திரும்பி வந்தாள்.

சர்க்குலர் தலைமாட்டில் இருந்தார். தம்பியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர் மாஸ்டரின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். கழுத்தைத் தொட்டாள். சூடு மட்டும் இருந்தது.

“ஏதாவது சொன்னாரா மாமா?”

“சொன்னான்மா. நான் கிட்ட வந்ததும் ஏதோ சொன்னான்.”

“என்ன சொன்னாரு?”

சர்க்குலர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். “குடும்பத்தை… எல்லாரும் ஒத்துமையா… நான் இல்லாத காலத்துல…” என்று ஆரம்பித்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கியம் பாதியில் உடைந்தது. அவர் வாய் கோணியது.

“எனக்குக் காது சரியாக் கேக்காதும்மா. ரெண்டு வருஷமாச்சு. யாருகிட்டயும் சொல்லல. வாய் அசைஞ்சுது. குனிஞ்சேன். திருப்பிச் சொல்லுடான்னேன். நான் எது கேட்டாலும் ரெண்டு தடவை சொல்ற பய. சொல்லல.”

சின்ன டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். “நான் மருந்து பக்கம் திரும்பியிருந்தேம்மா” என்று அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெராக்ஸ் அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். பொத்திய கைக்குள்ளிருந்து சின்னதாகக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தாள்.

“அம்மா? லைன்லதான் இருக்கேன். அப்பா பேசுறாராம்மா?”

“பேசினாருடி” என்றாள். “இப்பதான். பேசிக்கிட்டேதான் இருந்தாரு.”